கட்சி மாறிய பார்ஷத்களுக்கு (தில்லி மாநகராட்சி வார்டு உறுப்பினர்களுக்கு) ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பார்ஷத் அவர்களுக்கு,

வணக்கம். யார் பெயரையும் போட்டு எழுதவில்லை. 2022 டிசம்பரில் ஒரு சின்னத்தில் ஜெயித்துவிட்டு, இன்று வேறு கட்சியின் துண்டோடு தில்லி மாநகராட்சிக் கூட்டத்தில் உட்காரும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இந்த மடல். இன்னும் மாறாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களும் படிக்கலாம். ஏப்ரல் வந்தால் மேயர் தேர்தல். கணக்குகள் சூடுபிடிக்கும் மாதம் அது.

தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று வீட்டில் கேட்டார்கள். சேரும். மதன்கிர், தட்சிண்புரி, ஆர்.கே.புரம், ஜனக்புரி, கரோல் பாக் என்று நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்து இருக்கிற எந்த வார்டிலும் பார்ஷத் ஆபீஸில் எங்கள் பையன் ஒருவன் இருப்பான். வாக்காளர் பட்டியலில் இருக்கும் முருகேசன் யார், முருகையன் யார், யார் ஊருக்குப் போயிருக்கிறார், யார் வீடு மாறிவிட்டார் என்று விரல் நுனியில் வைத்திருக்கிற பையன். அவன் படித்துச் சொல்வான். இந்த மடலில் அவன் கதையும் வருவதால், சில இடங்களில் கொஞ்சம் விழுங்கி விழுங்கித்தான் சொல்வான். பரவாயில்லை.

கட்சி மாறுவதே பெரிய பாவம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து, மத்திய அரசு வேலைக்கென்று இங்கே வந்து, இங்கேயே தங்கிவிட்டவன். கட்சிகள் உடைவதையும் ஒட்டுவதையும் பார்த்தே வளர்ந்தவன். சேர்ந்த கட்சி சொன்ன சொல்லை மீறினால் விலகுவதில் தப்பில்லை. வார்டுத் தேர்தலில் எங்களில் பாதிப் பேர் சின்னத்தைப் பார்த்துப் போடுகிறோம், பாதிப் பேர் ஆளைப் பார்த்துப் போடுகிறோம். அதனால் 'சின்னத்துக்கு விழுந்த ஓட்டு' என்று மட்டும் சொல்லி உங்களை மடக்கிவிட முடியாது என்பதும் தெரியும். என் மனத்தாங்கல் நீங்கள் மாறிய நேரத்தைப் பற்றியது, சொன்ன காரணத்தைப் பற்றியது, அதற்கப்புறம் எங்கள் பக்கமே வராமல் இருக்கிறீர்களே, அதைப் பற்றியது.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன். 2022 டிசம்பர் 4-இல் ஓட்டுப் போட்டோம், 7-ஆம் தேதி எண்ணினார்கள். 250 வார்டுகளில் ஆம் ஆத்மிக்கு 134, பாஜகவுக்கு 104, காங்கிரஸுக்கு 9, சுயேச்சைகளுக்கு 3. பதினைந்து வருஷம் பாஜக வைத்திருந்த மாநகராட்சி கைமாறியது. சரி, மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது என்று இருந்தோம். டிசம்பர் 9-ஆம் தேதியே முஸ்தபாபாத், பிரிஜ்புரி வார்டுகளில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்த இரண்டு பேர் ஆம் ஆத்மியில் சேர்ந்தார்கள். அழைத்துப் போனவர் காங்கிரஸின் மாநிலத் துணைத் தலைவர். விடிவதற்குள் மூன்று பேருமே காங்கிரஸுக்குத் திரும்பிவிட்டார்கள். துணைத் தலைவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்கும் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வெற்றிச் சான்றிதழில் மை காய்ந்திருக்குமா என்பதே சந்தேகம்.

கட்சித் தாவலுக்கு இந்தியா முழுக்கச் சொல்லும் 'ஆயா ராம், கயா ராம்' என்ற பேச்சு பிறந்ததும் நம் பக்கத்தில்தான். 1967-இல் ஹரியானாவின் ஹோடல் பகுதி எம்எல்ஏ கயா லால் பதினைந்து நாளில் மூன்று தடவை கட்சி மாறினார். இங்கிருந்து மதுரா போகிற வழியில் அந்த ஊர்ப் பலகையைப் பார்க்கலாம். அவருக்குப் பதினைந்து நாள் தேவைப்பட்டது. நம் ஆட்கள் ஒரே ராத்திரியில் போய்த் திரும்பிவிட்டார்கள்.

அடுத்து 2023 பிப்ரவரி 24. ஸ்டாண்டிங் கமிட்டிக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாள். 22-ஆம் தேதி ராத்திரியெல்லாம் அவையில் ஓட்டுப்பெட்டியும் தண்ணீர் பாட்டிலும் பறந்ததை டிவியில் பார்த்துவிட்டுத் தூங்கப் போனோம். அன்றைக்கென்று பார்த்து பவானா வார்டின் ஆம் ஆத்மி உறுப்பினருக்கு பாஜகவில் சேரத் தோன்றியது. 2024 ஆகஸ்ட் 25-இல் ஆம் ஆத்மியின் ஐந்து பேர் பாஜகவில் சேர்ந்தார்கள். செப்டம்பர் 4-இல் மண்டலக் குழுத் தேர்தல். அந்த ஐவரில் ஒருவர் நாலே நாளில் திரும்பி வந்து, தலைவர் கனவில் வந்து திட்டினார், அதனால் வந்துவிட்டேன் என்றார். சிரித்துவிடாதீர்கள், பத்திரிகைகளில் வந்த செய்தி. உண்மையைச் சொன்னால், இத்தனை பேர் சொன்ன காரணங்களில் எனக்குக் கொஞ்சமாவது நம்பும்படி இருந்தது அந்தக் கனவுதான். வளர்ச்சி, மக்கள் சேவை என்றெல்லாம் அவர் அளக்கவில்லை.

2025-இல் வேகம் கூடியது. பிப்ரவரி 8-ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்து பாஜக ஆட்சிக்கு வந்தது. சரியாக ஒரு வாரத்தில், 15-ஆம் தேதி, ஆண்ட்ரூஸ் கஞ்ச், ஹரி நகர், ஆர்.கே.புரம் வார்டுகளின் ஆம் ஆத்மி உறுப்பினர்கள் மூவரும் பாஜகவுக்குப் போனார்கள். ஏப்ரலில் மேயர் தேர்தல் வந்தபோது கணக்கு பாஜக 117, ஆம் ஆத்மி 113 என்று ஆகியிருந்தது. எல்லாமே தாவலால் வந்த வித்தியாசம் இல்லை. எம்எல்ஏ ஆகிப் போனவர்களின் காலி இடங்களும் அதில் உண்டு. மே 17-இல் ஆம் ஆத்மியிலிருந்து இன்னும் பதினைந்து பேர் விலகி, இந்திரப்பிரஸ்த விகாஸ் கட்சி என்று தனிக் கடையே போட்டுவிட்டார்கள்.

இந்தத் தேதிகளை ஒரு காலண்டரில் குறித்துப் பாருங்கள். சாக்கடை அடைத்த வாரத்தில் யாரும் கட்சி மாறவில்லை. டெங்கு வந்த மாதத்தில் யாருக்கும் மனசாட்சி உறுத்தவில்லை. மேயர் தேர்தல், மண்டலக் குழுத் தேர்தல், சட்டமன்றத் தேர்தல் முடிவு, இவற்றின் முன்னும் பின்னும்தான் அது விழித்துக்கொள்கிறது.

ஏன் அந்த நாட்கள் மட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஓட்டுப் போட்ட எங்களில் பலருக்கு இந்த ஏற்பாடு புரிந்ததே இல்லை. எனக்கே ரிட்டயர் ஆன பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் பிடிபட்டது. மாநகராட்சியில் மேயரைவிடக் கனமான இடம் ஸ்டாண்டிங் கமிட்டி. அந்த நாட்களில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் அதன் ஒப்புதல் வேண்டியிருந்தது. அதில் 18 பேர். ஆறு பேரை மொத்த அவையும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும், மீதி 12 பேர் மண்டலத்துக்கு ஒருவராக 12 மண்டலங்களிலிருந்து வருவார்கள். துணைநிலை ஆளுநர் நியமிக்கும் பத்து ஆல்டர்மேன்களுக்கு மேயர் தேர்தலில் ஓட்டு இல்லை என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மண்டலக் குழுவில் அவர்களுக்கு ஓட்டு உண்டு. ஆக, ஒரு மண்டலத்தில் நாலு ஆல்டர்மேன்களை உட்கார வைத்து, கூடவே இரண்டு பார்ஷத்களைத் துண்டு மாற்றிவிட்டால் அந்த மண்டலமே புரண்டுவிடும். அந்தச் செப்டம்பர் 4-ஆம் தேதி பாஜகவுக்கு ஏழு மண்டலம், ஆம் ஆத்மிக்கு ஐந்து. ஊர் முழுக்க எண்ணினால் ஓட்டும் வார்டும் அதிகம் வைத்திருந்த கட்சிக்குக் கமிட்டியில் குறைவு. அப்போது கட்சி மாறிய ஒவ்வொருவரின் விலையும் (பணம் என்று நான் சொல்லவில்லை, எடை என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒரு சாதாரண உறுப்பினரின் எடையைப் போலப் பல மடங்கு.

இதற்கிடையில் அந்தக் கமிட்டியே இல்லாமல் ஊர் இரண்டரை வருஷம் ஓடியது. வழக்கு, வாய்தா, ஒத்திவைப்பு, வெளிநடப்பு என்று இரண்டு தரப்பும் மாறி மாறிப் பங்களித்தார்கள். 2025 ஜூனில்தான் அதற்குத் தலைவர் வந்தார். குப்பை அள்ளும் பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் ஐந்து கோடியைத் தாண்டுபவை. எங்கள் தெருமுனை டலாவில் (குப்பை கொட்டும் கொட்டகையில்) குப்பை மதில் தாண்டி வழிந்து, மாடுகள் படுத்து, ஸ்கூட்டர் போக ஒரு கை அகலம்தான் வழி இருந்த நாட்களில், உங்கள் ஆபீஸில் கேட்டால் கமிட்டி இல்லை, கையெழுத்து இல்லை என்று பதில் வந்தது. பதில் உண்மைதான். ஆனால் கமிட்டி யார் கைக்குப் போவது என்ற இழுபறியில் நீங்களும் ஒரு கயிறு என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை.

இனி காரணத்துக்கு வருகிறேன். 'வார்டின் வளர்ச்சிக்காக.' கட்சி ஆபீஸில் துண்டு போட்டுக்கொண்டு, லட்டு ஊட்டிக்கொண்டு, கேமரா முன்னால் எல்லோரும் சொல்வது இதுதான். 2022-இல் ஆம் ஆத்மி எங்களிடம் ஓட்டுக் கேட்டபோது சுவரெல்லாம் 'கேஜ்ரிவால் கி சர்க்கார், கேஜ்ரிவால் கா பார்ஷத்' என்று எழுதியிருந்தது. மேலே எந்த ஆட்சியோ கீழேயும் அதே கட்சி இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது அதன் அர்த்தம். இப்போது பாஜக மேடைகளில் 'ட்ரிபிள் எஞ்சின்' என்கிறார்கள். அர்த்தம் அதேதான். அப்படியென்றால் எதிர்க்கட்சி வார்டில் சாக்கடை அள்ளமாட்டார்கள், தெரு விளக்கு போடமாட்டார்கள், கொசு மருந்து அடிக்கமாட்டார்கள் என்றுதானே இரண்டு கட்சியும் சொல்கின்றன? அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாமல், ஏதோ வாக்குறுதி மாதிரி நாங்களும் கை தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வார்டுக்கு நிஜமாகவே வேலை மறுக்கப்பட்டதா? இருக்கலாம். நான் நம்பத் தயார். ஆனால் எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எந்தத் தெரு, எந்த அதிகாரி 'முடியாது' என்றார் என்று சொல்லுங்கள். நான் பார்த்தது எல்லாம் அரசாங்கக் கோப்புகள். மறுக்கப்பட்ட எதற்கும் ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள். அந்தக் குறிப்பின் நகலை ஆபீஸ் வாசலில் ஒட்டுங்கள். எதிர்க்கட்சி வார்டு என்பதற்காகவே ஒரு அதிகாரி நிதியை நிறுத்தினார் என்று காட்டினால், உங்கள் பழைய சின்னத்துக்குப் போட்டவர்கள், புதுச் சின்னத்துக்குப் போட்டவர்கள், இரண்டுக்கும் போடாதவர்கள் எல்லோரும் சேர்ந்து மண்டல ஆபீஸ் வாசலில் உட்காருவோம். நான் பாய் எடுத்துக்கொண்டு முதலில் வருகிறேன். ஒரு தாள்கூடக் காட்ட முடியாதென்றால், வளர்ச்சி என்ற அந்தச் சொல்லை தயவுசெய்து எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

மாறிய பிறகாவது வளர்ச்சி வந்ததா என்று கேட்டால், எங்கள் வார்டில் வந்தது இரும்புப் பலகை. தெரு நுழைவாயிலில், பூங்கா பெஞ்சுக்கு மேலே, கோயில் திருப்பத்தில் 'சௌஜன்ய சே' (இன்னார் உபயம்) என்று போட்டு உங்கள் படத்தோடு பலகை வைப்பது இங்கே வழக்கம். எங்கள் பார்ஷத் மாறிய வாரமே ஆள் வந்து ஏணி போட்டு, மேலே வரிசையாக இருந்த பழைய தலைவர்களின் முகங்கள் மேல் புதுத் தலைவர்களின் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனான். கீழே உள்ள பெரிய முகம் அப்படியே இருந்தது, கைகூப்பிய சிரிப்பு உட்பட. ஜூன் வெயிலில் பசை காய்ந்து ஸ்டிக்கரின் ஒரு ஓரம் சுருண்டு, அடியில் இருக்கிற பழைய தலைவரின் ஒரு காதும் மூக்குக் கண்ணாடியின் பாதியும் தெரிகின்றன. பலகைக்குக் கீழே இருக்கிற சாக்கடை ஜாலிக்கு (கம்பி மூடிக்கு) கம்பி போட வேண்டும் என்று கொடுத்த மனு அப்படியே இருக்கிறது. 60 அடிக்குக் குறைந்த தெரு, மாநகராட்சிக்கு உட்பட்டதுதான். பொதுப்பணித்துறை மேல் பழி போட வழியில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து நாலு வீட்டில் வேலை செய்கிற அக்கா ஒருவர் எங்கள் குடியிருப்புக்கு வருவார். வாடகை வீடு மாறியதால் விலாசத்துக்கு பார்ஷத் கடிதம் ஒன்று தேவைப்பட்டது. இரண்டு தடவை போய்விட்டு வந்தார். முதல் தடவை, புது லெட்டர்பேட் அச்சாகி வரவில்லையாம். இரண்டாவது தடவை கிடைத்தது. பழைய பேடில், மேலே இருந்த சின்னத்தின் மேல் ஒயிட்னர் பூசி. அதை வாங்கிக்கொண்டு போன இடத்தில் கவுண்டர்க்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது திருத்தின காகிதம், வேறு கொண்டு வா என்றாராம். யோசித்துப் பாருங்கள். அவர் வீடு மாறியதை நிரூபிக்க உங்கள் கையெழுத்து வேண்டும். நீங்கள் கட்சி மாறுவதற்கு அவருடைய கைநாட்டுகூட வேண்டாம்.

சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1985-இல் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டும்தான். உள்ளாட்சிகளுக்கு அந்தந்த மாநிலம் சட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிரம் 1986-இலும் கர்நாடகம் 1987-இலும் போட்டன. கேரளம் 1999-இல் போட்டது. அங்கே தாவினால் மாநிலத் தேர்தல் ஆணையம் பதவியைப் பறிப்பதோடு ஆறு வருஷம் போட்டியிடவும் தடை. தில்லி மாநகராட்சியோ 1957-ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்தில் நடப்பது. அதில் இப்படி ஒரு பிரிவே கிடையாது. மூன்று மாநகராட்சிகளை ஒன்றாக்கவும் 272 வார்டை 250 ஆக்கவும் 2022-இல் அதே சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு நேரம் இருந்தது. இதை யாரும் எடுக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் அவசரமில்லை. இன்று இழக்கிறவர் நாளை இழுக்கிறவராகலாம்.

அதற்காகச் சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். மும்பையில் சட்டம் இருக்கிறது. 2017 தேர்தலில் அங்கே மகாராஷ்டிர நவநிர்மாண் சேனாவுக்குக் கிடைத்தது ஏழு இடம். அந்த அக்டோபரிலேயே ஏழில் ஆறு பேர் சிவசேனாவுக்குப் போய்விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சேர்ந்து போனால் அது தாவல் இல்லை, இணைப்பு. ஒருவர் போனால் குற்றம், கூட்டமாகப் போனால் கொள்கை. நம் ஊரில் பதினைந்து பேர் சேர்ந்து போனபோது அந்தச் சட்டம்கூட இல்லாததால் எண்ணிப் பார்க்கும் சிரமமும் இல்லாமல் போயிற்று.

எங்கள் பையன் கதைக்கு வருகிறேன் என்று சொன்னேன். எங்கள் தெருவில் காலையில் சைக்கிளில் இட்லி விற்கிற தம்பி அவன். கேரியரில் இட்லிப் பெட்டி, ஹேண்டில் பாரில் சட்னித் தூக்கு, அதன் பக்கத்தில் கட்சிக் கொடி. தேர்தல் நேரத்தில் இட்லி விற்று முடித்து, பன்னிரண்டு மணிக்கு மேல் உங்களுக்காக வீடு வீடாகச் சீட்டுக் கொடுத்தான். அவன் மச்சான் எதிர்க்கட்சி. கறிவேப்பிலை வாங்குகிற இடத்தில்கூட இரண்டு பேருக்கும் வாய்த் தகராறு. தங்கச்சி வளைகாப்புக்கு மச்சான் வரவில்லை, அப்படியொரு தேர்தல். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் நீங்கள் மச்சான் கட்சிக்குப் போய்விட்டீர்கள். தம்பிக்குத் தெரிந்தது மொபைலில் வந்த போட்டோவைப் பார்த்துத்தான். அடுத்த நாள் கொடி இல்லாமல் சைக்கிள் வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே, 'நாலு இட்லி போதுமா சார், ஆறு கட்டவா' என்று மட்டும் கேட்டான்.

மச்சான் ஜெயித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். அவன் முகமும் தொங்கித்தான் இருக்கிறது. அவன் கொடி பிடித்து அலைந்தது உங்களை எதிர்த்து நின்ற வேட்பாளருக்காக. தோற்ற பிறகும் அந்த அம்மா மாசாமாசம் தெருவுக்கு வந்து குறை கேட்டுக்கொண்டிருந்தார், அடுத்த தடவை நிற்கலாம் என்ற நம்பிக்கையில். இப்போது அந்த இடத்தில் மாலையோடு நீங்கள். உங்களைத் திருடன் என்று ஊரெல்லாம் சொன்ன வாயால் இனி உங்களுக்கே ஓட்டுக் கேட்க வேண்டும் அவன். உங்கள் ஆபீஸில் பழைய ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், புது ஆட்கள் உள்ளே நாற்காலி எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். போட்டவன், எதிர்த்தவன் இரண்டு பேரையும் ஒரே சாயங்காலத்தில் ஊமையாக்க ஒரு தனித் திறமை வேண்டும்.

நம் சங்கத்துக்காரர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போடுகிறோம். போன வருஷம் ஒரு துண்டோடு வந்தவர் இந்த வருஷம் வேறு துண்டோடு வருகிறார். அவரும் 'வணக்கம்' என்று ஒரு சொல் தமிழில் சொல்கிறார், நாமும் கை தட்டி அதே பொன்னாடையைப் போடுகிறோம். ஹால் வாடகைக்கும் அனுமதிக்கும் நாளைக்கு அவர் தயவு வேண்டும் என்பது புரிகிறது. பொன்னாடை போடுங்கள், ஆனால் மைக்கைக் கொடுப்பதற்கு முன்னால் ஏன் மாறினீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு இது ஏன் கூடுதலாக உறைக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்க்புராவில் பாராபுல்லா நாலா ஓரத்து மதராசி கேம்ப்பை இடித்தார்கள். 370 குடிசைகள். உயர் நீதிமன்ற உத்தரவு. பார்ஷத் நினைத்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள், அதுவும் ஊரின் வடகோடியில், நரேலாவில். வேலை செய்கிற வீடுகள் எல்லாம் இங்கே. அந்த மாதிரி ஒரு நாளில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது பெரிய கேள்வி. ஹிந்தி சரளமாக வராத, ஆளுங்கட்சி எது எதிர்க்கட்சி எது என்று கணக்கு வைக்காத ஆட்களுக்கு 'நம்ம பார்ஷத்' என்று ஒரு முகம்தான் தெரியும். அந்த முகத்தின் கீழே சின்னம் மாறிக்கொண்டே இருந்தால், எந்தச் சின்னத்தைத் தண்டிப்பது, எதை வாழ வைப்பது என்பதே அவர்களுக்குக் குழம்பிவிடும். உங்களுக்கு அந்தக் குழப்பம் சௌகரியமாக இருக்கலாம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயமாக இருந்தால் ராஜினாமா செய்துவிட்டுப் புதுச் சின்னத்தில் நில்லுங்கள். இடைத்தேர்தலா, செலவு, சிரமம் என்று ஆரம்பிக்காதீர்கள். 2025 நவம்பர் 30-இல் 12 வார்டுக்கு ஒரே நாளில் இடைத்தேர்தல் நடந்தது. நம் தட்சிண்புரியும் அதில் ஒன்று. பாஜகவுக்கு ஏழு, ஆம் ஆத்மிக்கு மூன்று, காங்கிரஸுக்கு ஒன்று, பார்வர்டு பிளாக்குக்கு ஒன்று என்று முடிவும் வந்து, ஊர் இடிந்து விழாமல்தான் இருக்கிறது. எம்எல்ஏ, எம்பி ஆகப் போனவர்கள் காலி செய்த இடங்களுக்கு அந்தத் தேர்தல். பதவி உயர்ந்தால் எங்களிடம் திரும்பி வர வேண்டும், கட்சி மாறினால் வர வேண்டாம் என்பது என்ன கணக்கு? ஓட்டுப் போட வந்தவர்கள் 38 சதவீதத்துக்குச் சற்று மேல்தான், உண்மை. உங்களைப் பார்த்துச் சலித்துப் போய் வீட்டில் உட்கார்ந்தவர்கள் மீதிப் பேர் என்று நான் சொன்னால், இல்லை என்று மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

ராஜினாமா செய்யமாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். அப்படியென்றால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். கட்சி மாறிய நாளில் உங்கள் ஆபீஸ் புகார்ப் பதிவேட்டில் எத்தனை மனு பாக்கி இருந்தது, இன்று எத்தனை பாக்கி என்று தெரு வாரியாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பூங்கா வாசலில் ஒட்டுங்கள். 'வளர்ச்சிக்காக' என்று சொன்னதை நாங்களே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்கிறோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதே பூங்காவுக்கு வந்து எங்கள் முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். மைக் வேண்டாம், பேனர் வேண்டாம், கூட்டம் சேர்க்க வண்டி அனுப்ப வேண்டாம். எந்தத் துண்டும் இல்லாமல் வாருங்கள். பழைய கட்சிக்காரர்களும் புதுக் கட்சிக்காரர்களும் கேள்வி கேட்பார்கள். தம்பியும் வருவான், மச்சானும் வருவான். விலாசக் கடிதத்துக்கு அந்த அக்காவும் வருவார். புது லெட்டர்பேட் அச்சாகியிருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தெற்கு தில்லி வாக்காளர் ஒருவர்